வீட்டில் உள்ள இரண்டு மூன்று கம்ப்யூட்டர்களிலும் ஃபைல்களை ஒரே மாதிரி வைத்திருக்க என்ன வழி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீட்டில் ஒரு விண்டோஸ் டெஸ்க்டாப், லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப், மனைவியின் மேக். பென்டிரைவில் மாற்றி மாற்றி காப்பி எடுப்பதில் எது புதுசு எது பழசு என்றே தெரியாமல் போகிறது, மாதாமாதம் காசு கட்டாமல் ஏதாவது வழி உண்டா? உண்டு. எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே செட்டப்தான், நாங்கள் பயன்படுத்துவது சிங்க்திங், பல மெஷின்களில் ஃபைல்களை ஒரே மாதிரி வைத்திருக்கும் (அதைத்தான் 'சிங்க்' என்கிறார்கள்) மென்பொருள். அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன், ஆனால் இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

எந்த ஃபோல்டரில் யார் கை வைப்பார்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மொத்த டி டிரைவையும் அப்படியே சிங்க் போட்டுவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் பாட நோட்டுகள், ஸ்கேன் செய்த ஆதார், பட்டா மாதிரியானவற்றை இரண்டு பேருமே திறப்பீர்கள், திருத்துவீர்கள். அது ஒரு ஃபோல்டர். போட்டோக்களை ஒருவர்தான் சேர்ப்பார், மற்றவர்கள் பார்ப்பதோடு சரி; அது வேறு ஃபோல்டர். டாலி டேட்டா, தண்டர்பேர்டு மெயில் ஃபோல்டர், விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) இதெல்லாம் சிங்க் பக்கமே வரக்கூடாது. ஏனென்றால் இவை திறந்திருக்கும்போது பல ஃபைல்களில் ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டே இருக்கும், பாதி எழுதிய நிலையில் ஒரு காப்பி மறுபக்கம் போய்ச் சேர்ந்தால் அங்கே அது திறக்காது. அவற்றுக்கு பேக்கப் மட்டும் போதும்.

சரி, சிங்க்திங் ஏன்? 2013 கடைசியில் வெளிவந்த திறமூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், நடுவில் யாருடைய சர்வரிலும் உங்கள் ஃபைல் போய் உட்காராது. கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபியை ஜிமெயிலும் போட்டோக்களும் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்கின்றன, ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபிதான். இதில் இந்தத் தொல்லையே இல்லை, உங்கள் ஹார்டு டிஸ்க்கில் எவ்வளவு இடமோ அவ்வளவு. இன்டர்நெட் போயிருந்தாலும் ஒரே வைஃபையில் இருக்கும் மெஷின்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். (கெஸ்ட் வைஃபையில் ஒன்றைப் போட்டிருந்தால் பெரும்பாலும் கண்டுபிடிக்காது, அதைக் கவனியுங்கள்.) ஒவ்வொரு மெஷினுக்கும் ஏழு ஏழு எழுத்தாக எட்டுத் தொகுதியில் ஒரு நீளமான ஐடி இருக்கும், ஒன்றின் ஐடியை இன்னொன்றில் கொடுத்து இரண்டு பக்கமும் சம்மதித்த பிறகுதான் எதுவும் நகரும். பெரிய ஃபைலில் கொஞ்சம் மாறியிருந்தால் மாறிய துண்டுகளை மட்டுமே அனுப்பும்.

இப்போது முக்கியமான விஷயம். சிங்க் என்பது பேக்கப் இல்லை. டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைலை டெலிட் செய்தால் கொஞ்ச நேரத்தில் மேக்கிலும் லேப்டாப்பிலும் அது போய்விடும், அதுதான் அதன் வேலையே. இதற்காகத்தான் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 'ஃபைல் வெர்ஷனிங்' என்று ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள், இன்ஸ்டால் செய்ததும் அது அணைந்த நிலையில்தான் இருக்கும், நீங்களே போய் ஆன் செய்ய வேண்டும். அதில் 'ஸ்டேகர்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள்: முதல் ஒரு நாளுக்கு மணிக்கு ஒரு பழைய பிரதி (முதல் ஒரு மணி நேரத்துக்கு இன்னும் நெருக்கமாக), முதல் 30 நாளுக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு மேல் வாரத்துக்கு ஒன்று என்று ஒரு வருடம் வரை வைத்திருக்கும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நிறைய பேருக்கு இது தெரிவதில்லை. வேறு மெஷினிலிருந்து வரும் மாற்றத்துக்குத்தான் பழைய பிரதி எடுத்து வைக்கும், அதே மெஷினில் நீங்களே மாற்றியதற்கோ அழித்ததற்கோ எடுக்காது. அதனால் டெஸ்க்டாப்பில் மட்டும் ஆன் செய்துவிட்டு டெஸ்க்டாப்பிலேயே ஒன்றை அழித்தால் எங்கேயும் பழைய பிரதி இருக்காது. எல்லா மெஷினிலும் ஆன் செய்யுங்கள், இடம் பத்தாது என்றால் யாரும் உட்கார்ந்து வேலை செய்யாத மெஷினிலாவது செய்யுங்கள்.

அந்த யாரும் உட்காராத மெஷின்தான் உங்கள் பழைய லினக்ஸ் லேப்டாப். இரண்டு மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடினால்தான் ஃபைல் நகரும். நீங்கள் இரவில் டெஸ்க்டாப்பை அணைத்த பிறகு மனைவி காலையில் மேக்கைத் திறந்தால் அவருக்குப் பழையதுதான் தெரியும். லேப்டாப்பை மூடினாலும் தூங்காதபடி செட்டிங் மாற்றி, ரௌட்டர் பக்கத்தில் ஓடவிட்டு, இரண்டையும் கேபிளால் இணைத்துவிடுங்கள். கரண்ட் போனாலும் அதற்கு பேட்டரி இருக்கிறது, ரௌட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டால் முடிந்தது. போட்டோ ஃபோல்டரை அந்த லேப்டாப்பில் 'ரிசீவ் ஒன்லி' என்று வையுங்கள், அங்கே யாராவது தெரியாமல் எதையாவது அழித்தாலும் அது மற்ற மெஷின்களுக்குப் பரவாது.

இரண்டு பேரும் ஒரே ஃபைலைத் தனித்தனியாகத் திருத்திவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒன்றும் தொலையாது. திருத்திய நேரம் பழையதாக இருக்கும் பிரதி, பெயரோடு 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' (sync-conflict) என்ற சொல்லும் தேதியும் நேரமும் ஒட்டிக்கொண்டு அதே ஃபோல்டரில் பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் திறந்து பார்த்து நீங்கள்தான் சேர்க்க வேண்டும். அந்தச் சொல்லைப் போட்டு வாரம் ஒரு முறை தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம், இல்லாவிட்டால் இவை சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். டெஸ்க்டாப்பின் சீமாஸ் பேட்டரி (அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்கும் சின்ன பேட்டரி) தீர்ந்து கடிகாரம் தப்பாக ஓடினால் எது பழசு என்பதே மாறிப்போகும், அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைப்பவராக இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிப் பக்கங்கள் எதிலும் இது எளிதில் கண்ணில் படாது. லினக்ஸின் வழக்கமான ஃபைல் முறையில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் விதம்) ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. விண்டோஸ் எழுத்துக் குறியீடுகளாக எண்ணும், லினக்ஸ் பைட்டுகளாக எண்ணும், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'மொய்' என்று எழுதினால் கண்ணுக்கு இரண்டு எழுத்து, உள்ளே ம, ஒகரக் குறி, ய, புள்ளி என்று நான்கு, ஆக 12 பைட். கல்யாணம், ஊர், தேதி எல்லாம் சேர்த்து நீளமாகப் பெயர் வைத்த ஃபைல் விண்டோஸில் நன்றாகத் திறக்கும், லினக்ஸ் லேப்டாப்புக்குப் போக மறுக்கும், நாமோ நெட்வொர்க்கில் கோளாறு என்று ரௌட்டரைப் போய் நோண்டிக்கொண்டிருப்போம். பெயரைச் சுருக்கினால் போய்விடும்.

அதே 'மொய்'யில் இன்னொன்றும் இருக்கிறது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம், திரையில் துளி வித்தியாசம் தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் முறை இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும். விளைவு, லினக்ஸில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருப்பது போலத் தோன்றும். சிங்க்திங் இதைத் தானாகவே சரிசெய்ய முயலும், அந்த செட்டிங்கை அணைத்துவிடாதீர்கள். காப்பி எடுக்கும் கருவியான ஆர்சிங்க் பயன்படுத்தினால் மேக்கிலிருந்து எடுக்கும்போது எழுத்துமாற்றும் ஆப்ஷனைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஓ, ஒ, ஔ வரிசை உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஆர்சிங்க் என்றதும் பேக்கப் நினைவுக்கு வருகிறது. 1996 முதல் இருக்கும் கருவி, லினக்ஸில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். வாரம் ஒரு முறை லேப்டாப்பில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகி ஆர்சிங்க் மூலம் காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் வைரஸோ மின்னலோ வரும்போது அதுவும் சேர்ந்து போகும். டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய ஃபைல் முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோ ஏறாது.

போனையும் சேர்க்க வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வ சிங்க்திங் செயலியை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள், சிங்க்திங்-ஃபோர்க் என்ற வேறொன்று தொடர்ந்து வருகிறது. பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து அதற்கு விலக்கு கொடுத்தால்தான் பின்னணியில் ஓடும்.

ஆரம்பிக்கும்போது 200, 300 ஜிபியை வைஃபையில் அனுப்பிக்கொண்டு உட்கார வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏற்றி மற்ற மெஷின்களில் அதே ஃபோல்டரில் இறக்கிவிட்டு, அதன் பிறகு இரண்டு பக்கமும் சிங்க்திங்கில் சேருங்கள். இரண்டையும் படித்துப் பார்த்து ஒன்றுதான் என்று அதுவே புரிந்துகொள்ளும், விட்டுப்போனதை மட்டும் அனுப்பும். முதல் ஸ்கேனுக்குப் பழைய லேப்டாப்பில் சில மணி நேரம் பிடிக்கலாம், இடையில் நிறுத்தாமல் விட்டுவிடுங்கள்.