கிப்சன் இஎஸ்-335 மின்கிட்டார் வாங்கப் பணம் போதாது. எபிஃபோன் ரீஇஷ்யூவை, அதாவது அந்தப் பழைய மாடலின் மறுவெளியீட்டை, நம்பி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் கிட்டாருக்கே கொடுத்துவிடாதீர்கள். செட்டப்புக்கும் (வாசிக்கத் தோதாகக் கிட்டாரைச் சரிசெய்யும் வேலை) நல்ல ஹார்ட் கேஸுக்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். நான் சில வருடங்களாகச் செர்ரி நிற எபிஃபோன் 335-ஐத்தான் வீட்டிலும் மேடையிலும் வாசிக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கேள்வியில் இரண்டு விஷயம் எழுதியிருந்தீர்கள். எபிஃபோன் வெறும் நகல் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அதன் உடம்பு பிளைவுட் என்பதால் சத்தம் நன்றாக இருக்காது என்றும் சொல்கிறார்கள். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் கிட்டாரின் கதையே அங்கேதான் இருக்கிறது.

1950-களில் மின்கிட்டார் வாசித்தவர்களுக்கு ஒரு தீராத தொல்லை இருந்தது. மேல்பலகை வளைந்த, முழுக்க உள்ளீடற்ற ஆர்ச்டாப் கிட்டாரை ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) கொஞ்சம் சத்தமாக வைத்தால் ஊளையிடும். ஆம்பிலிருந்து வரும் ஒலியில் மேல்பலகை அதிரும், அதை ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் மறுபடி ஆம்புக்கு அனுப்பும், சுற்று நிற்காது. 1952-இல் கிப்சன் கொண்டுவந்த லெஸ் பால் மாடலின் உடம்பு முழுக்கக் கெட்டியான மரம். ஊளை போனது, ஆனால் கனமும் கூடியது, ஆர்ச்டாப்பின் காற்றோட்டமான குரலும் போனது. அப்போது கிப்சனின் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டியின் காலத்தில், 1958-இல் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள். உடம்பை மெல்லியதாக்கி, நடுவில் நெக் சேரும் இடத்திலிருந்து அடிவரை ஒரு மேப்பிள் கட்டையை ஓடவிட்டார்கள். இரண்டு பக்கச் சிறகுகள் மட்டும் உள்ளீடற்றவை. பிக்கப், பிரிட்ஜ் எல்லாம் அந்தக் கட்டையின் மேல் உட்காரும். அதுதான் இஎஸ்-335.

இந்த உடம்பின் மேல்பலகையும் பின்பலகையும் 1958-இலேயே ஒட்டுப்பலகைதான். மேப்பிள், பாப்லர், மேப்பிள் என்று மெல்லிய அடுக்குகளை ஒட்டி, அச்சில் அழுத்தி வளைத்தது. இன்றும் கிப்சன் அப்படித்தான் செய்கிறது. அடுக்குப் பலகை விறைப்பாக இருப்பதால் அதிர்வும் அளவோடு இருக்கும், ஊளைக்கு எதிரான திட்டத்தில் அதற்கும் பங்கு உண்டு. அதனால் 'எபிஃபோன் பிளைவுட்' என்று யாராவது குறை சொன்னால், அவர் மிக விலையுயர்ந்த பழைய கிப்சனையும் சேர்த்தே சொல்கிறார் என்று பொருள். 335-இன் குரலுக்கு ஆதாரமான கட்டை, அடுக்குப் பலகை, 24.75 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங்கின் அதிரும் நீளம்), இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) எல்லாமே எபிஃபோனிலும் இருக்கின்றன. நீங்கள் முதன்மையாகக் காசு கொடுப்பது இந்த அமைப்புக்குத்தான்.

சரி, நகல் விஷயம். எபிஃபோன் நியூயார்க்கில் கிப்சனுக்குப் போட்டியாக இருந்த கம்பெனி. 1957-இல் கிப்சன் அதை வாங்கியது. அதன்பின் ஷெரட்டன், கசினோ, ரிவியரா போன்ற எபிஃபோன்கள் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூவில், கிப்சன் செய்த அதே தொழிற்சாலையிலேயே உருவாயின. 1970 வாக்கில் உற்பத்தி ஜப்பானுக்குப் போனது, பிறகு கொரியா, இப்போது பெரும்பாலும் சீனா. இன்று கிடைக்கும் எபிஃபோன் 335, 2020-இல் வந்த வரிசையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் கிப்சன் விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். சொந்தக்காரக் கம்பெனியே தன் வடிவத்தைக் குறைந்த விலையில் செய்வதை நகல் என்று என்னால் சொல்ல முடியாது.

வித்தியாசங்கள் உண்டு, மறைக்கவில்லை. பழைய கிப்சனில் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு, மெல்லியது, காலப்போக்கில் வெடித்து அழகாக முதிரும். எபிஃபோனில் பிளாஸ்டிக் வகையான பாலி பூச்சு, கொஞ்சம் தடிமன். கடலோர ஊர்களின் வியர்வைக்கும் புழுக்கத்துக்கும் எனக்குப் பாலியே வசதி. நைட்ரோ பூச்சைச் சில ஸ்டாண்டுகளின் ரப்பர் அரித்துவிடும், அந்தக் கவலையும் இல்லை. நெக்கின் மேல் விரல் வைக்கும் பலகையான ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட் அல்ல, இந்தியன் லாரல். நம் காடுகளில் வளரும் கருமருதுதான். 2017-இல் ரோஸ்வுட் சேர்ந்த டால்பெர்ஜியா இன மரங்கள் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது பல கம்பெனிகள் இப்படி மாறின. 2019-இல் இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்த பிறகும் விலை குறைந்த கிட்டார்களில் லாரல் நிலைத்துவிட்டது. வாசிக்கும்போது விரலுக்கு வித்தியாசம் தெரியாது, அவ்வப்போது கொஞ்சம் எண்ணெய் தடவினால் போதும்.

தோற்றத்தில் இது 1958 முதல் 1962 வரையிலான காலத்தைப் பின்பற்றுகிறது. நெக்கில் புள்ளிகள், ஸ்ட்ரிங்கின் அடிமுனையைப் பிடிக்கும் உலோகப் பட்டையான ஸ்டாப் டெயில்பீஸ். 1962-இல் புள்ளிகள் போய்ச் சதுரக் கட்டங்கள் வந்தன, 1965-இல் டெயில்பீஸும் மாறியது. கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டனின் 1964-ஆம் வருடத்து 335, 2004 ஏலத்தில் 8,47,500 டாலருக்குப் போனது. நீங்கள் மனத்தில் வைத்திருப்பது அந்த மாதிரி என்றால், கடையில் பார்க்கும்போது நெக்கில் கட்டங்கள் இல்லையே என்று ஏமாற வேண்டாம்.

'மலிவாக வாங்கிப் பிறகு பிக்கப்பை மாற்றிக்கொள்' என்று எல்லோரும் சொல்வார்கள். ஃபெண்டர் ஸ்ட்ராட் போன்ற கெட்டி உடம்புக் கிட்டாருக்கு அது நல்ல யோசனை, மேல்தகட்டைக் கழற்றினால் எல்லா வயரிங்கும் கையில் வந்துவிடும். 335-இல் பின்பக்க மூடி கிடையாது. பாட் (வால்யூம், டோன் திருகும் பாகம்), ஸ்விட்ச், கேபிள் செருகும் ஜாக் எல்லாவற்றையும் மேல்பலகையில் எஃப் வடிவில் வெட்டிய எஃப் துளை வழியாகத்தான் உள்ளே விட்டு, நூல் கட்டி இழுத்து, அதனதன் ஓட்டைக்குக் கொண்டுவர வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை, டெக்னீஷியன் கூலியும் அதற்கேற்ப அதிகம். ஆகவே 335 போன்ற செமி ஹாலோவில் (பாதி உள்ளீடற்ற கிட்டாரில்) மட்டும், முதலிலேயே எலெக்ட்ரானிக்ஸ் சரியாக உள்ள மாடலை எடுப்பதுதான் சிக்கனம். இப்போதைய எபிஃபோனில் அல்நிகோ காந்தம் வைத்த பிக்கப்பும் சிடிஎஸ் கம்பெனியின் பாட்டும் வருகின்றன. நான் எதையும் மாற்றவில்லை, மாற்றத் தோன்றவும் இல்லை.

ஜாக் பற்றி ஒரு வார்த்தை. அது மேல்பலகையிலேயே இருக்கிறது. அதை இறுக்கும் மரை தளர்ந்து ஜாக் சுழல ஆரம்பித்தால் உடனே இறுக்குங்கள். விட்டால் வயர் முறுக்கி அறுந்து, ஜாக் உடம்புக்குள் விழுந்துவிடும். அப்புறம் அதே எஃப் துளை, அதே நூல் வேலை.

கடைக்குப் போனால் ஆம்பில் செருகும் முன் வெறுமனே வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஒரு ஸ்வரம். எங்கேயாவது கரகரத்தாலோ சட்டென்று செத்தாலோ, அது ஆக்‌ஷனால் (ஃபிரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்) வருவதா ஃபிரெட் மேடு பள்ளமா என்று கேளுங்கள். ஆக்‌ஷன் என்றால் செட்டப்பில் போய்விடும், ஃபிரெட் என்றால் வேறு பீஸ் கேளுங்கள். நெக் ஓரத்தில் விரலை ஓட்டி ஃபிரெட் முனை குத்துகிறதா பாருங்கள். ஜி ஸ்ட்ரிங்கை வளைத்துவிட்டு ட்யூனிங் திரும்புகிறதா என்று கவனியுங்கள், திரும்பாவிட்டால் பெரும்பாலும் நட்டின் (நெக்கின் மேல்முனையில் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) பள்ளம் இறுக்கமாக இருக்கும். செட்டப்பில் அதையும் செய்யச் சொல்லலாம். கடைசியாக ஆம்பில் கெய்ன் ஏற்றி அருகே நில்லுங்கள். நடுக்கட்டை இருந்தாலும் அளவு மீறினால் ஊளை வரும். ஆனால் மெதுவாகத்தான் ஏறும், திரும்பி நின்று அடக்கலாம். அந்த எல்லை உங்கள் வாசிப்புக்குப் போதுமா என்று அங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி. கிங் எஃப் துளைக்குள் துணி அடைத்து வாசித்தவர். 1980-இல் அவர் பெயரில் வந்த லூசில் மாடலில் துளையே இல்லை.

கசினோவை 335-இன் தம்பி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். பீட்டில்ஸில் மூன்று பேர் வைத்திருந்த அருமையான கிட்டார் அது, ஆனால் உள்ளே கட்டை கிடையாது, பிக்கப்பும் ஒற்றைச் சுருள் பி-90. குரலும் வேறு, ஊளையும் சீக்கிரம். பட்ஜெட் இன்னும் குறைவு என்றால் ஐபனேஸ் ஆர்ட்கோர் ஏஎஸ்73 பாருங்கள். ரீஇஷ்யூ இல்லை, ஆனால் அதே அமைப்பு. 1970-களின் ஃபெண்டர் ஸ்டார்காஸ்டரை, ஃபெண்டரின் குறைந்த விலை பிராண்டான ஸ்குவயர் மறுபடி செய்கிறது, அதன் ஸ்கேல் 25.5 அங்குலம், ஸ்ட்ரிங் இழுப்பு சற்றுக் கூடுதல்.

பழையது கிடைத்தாலும் யோசிக்கலாம். அப்படியானால் நட்டுக்குப் பின்னால், தலைப்பகுதி சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நெக்கை நேராக வைக்கும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பிக்காக அங்கே மரத்தைக் குடைந்திருப்பதால், கீழே விழுந்தால் முதலில் உடைவது அந்த இடம்தான். பூச்சில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். ஒழுங்காக ஒட்டி, விலையையும் குறைத்திருந்தால் வாசிப்பதற்கு ஒரு குறையும் இல்லை. கேட்ட பிறகு 'அட, அதுவா' என்று இழுத்தால் அந்தக் கிட்டாரை விட்டுவிடுங்கள்.