டெல்டா கிராமத்துப் பெண்களின் மனச்சோர்வுக்கு வறுமை மட்டும்தான் காரணமா?

இல்லை. காசு இல்லாததை விட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் ஆளை அரிக்கிறது என்பேன். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காமல் தள்ளிப்போனால் குறுவை நெல் நடவும் தள்ளிப்போகும். கிடைக்கும் நடவு வேலையிலும் ஒரு பங்கை இப்போது இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. குழுக்கடன் தவணை மட்டும் தள்ளிப்போகாது. வாரா வாரம் ஒரு வீட்டுத் திண்ணையில் கூட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். வசூலுக்கு வருபவரை விட, பக்கத்து வீட்டு அக்கா முகத்தில் விழிக்க முடியாத கூச்சம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில், கடன் பெண் பெயரில். வீட்டுக்காரர் குடிப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தது. புதுக்கன்று காய்ப்புக்கு வரப் பல வருடம், வட்டி காத்திருக்குமா?

இந்தப் பெண்கள் யாரும் 'மனசு சரியில்லை' என்று சொல்வதில்லை. "நெஞ்சு படபடங்குது, கை கால் ஓஞ்சு போவுது" என்பார்கள். சத்து ஊசியோடு வீடு திரும்புவார்கள். (ரத்தசோகையாகவும் இருக்கலாம், அதையும் பாருங்கள்.) இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லையென்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். 14416 அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.