வாலில் கருப்பு இருந்தால் கலப்பினமா?

கேள்வி: ரோட் ஐலண்ட் ரெட் இனக் கோழி என்று சொல்லி விற்ற நான்கு பெட்டைகளை வாங்கி வளர்க்கிறேன். ஒன்றின் காலில் இறகு முளைத்திருக்கிறது. இன்னொன்று பச்சைச் சாயலில் முட்டையிடுகிறது. மற்ற இரண்டுக்கும் வாலில் கருப்பு. மஞ்சளாக இருந்த கால்களும் வெளுத்துவிட்டன. இவற்றில் எது தூய இனம்?

பதில்: கடைசி இரண்டைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். வால் கருப்பு அந்த இனத்துக்கே உரியது. இறக்கையை விரித்தால் அங்கும் கருப்பு தெரியும். கால் வெளுக்கக் காரணம் முட்டை. தீவனத்திலிருந்து வரும் மஞ்சள் நிறமி தோலில் சேர்ந்திருக்கும். முட்டையிடத் தொடங்கியதும் அது மஞ்சள் கருவுக்குப் போய்விடும். முதலில் எச்சத்துளையின் ஓரம் வெளுக்கும், பிறகு கண்ணைச் சுற்றி, அப்புறம் அலகு, கடைசியில் கால். ஆக, உங்கள் பெட்டைகள் இரண்டும் நெடுநாளாக உழைத்திருக்கின்றன. அவற்றைப் போய்ச் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள்! முட்டை நின்றால் மஞ்சள் திரும்பிவிடும்.

பச்சை முட்டை சந்தேகத்துக்கு இடமில்லாத கலப்பு. ரோட் ஐலண்ட் ரெட் பழுப்பு முட்டைதான் இடும். நீல ஓடு ஓங்கு பண்பு, அதாவது தாய், தந்தை என ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வெளிப்படுவது. அந்த நிறம் ஓட்டின் உள்வரை ஊறியிருக்கும். பழுப்போ ஓடு உருவாகி முடியும் நேரத்தில் மேலே பூசப்படுவது. நீலத்தின் மேல் பழுப்பு படிந்தால் பச்சை. ஒரு முட்டையை உடைத்து, உள்சவ்வை உரித்துவிட்டு ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். நீலம் தெரிந்தால், தாயோ தந்தையோ அரௌகானா போன்ற நீல முட்டை வழியில் வந்தது.

கால் இறகும் பெரும்பாலும் ஓங்கு பண்புதான். பிரம்மா, கொச்சின் போன்ற இனங்களின் ரத்தம் ஒரு பக்கம் இருந்தாலே குஞ்சின் காலில் முளைத்துவிடும். ஆனால் ஓரிரு குருத்து மட்டும் என்றால், தூய இனத்திலும் எப்போதாவது தலைகாட்டும் குறையாக இருக்கலாம். வரிசையாக இருந்தால் கலப்பு. ஐந்தாவது விரல், பட்டாணிக் கொண்டை, காது மடலில் வெள்ளை ஆகியவையும் இந்த இனத்தில் இருக்கக் கூடாதவை.

எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் தூய இனம் என்று நம்பிவிடாதீர்கள். ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் வரிப் பிளைமவுத் ராக் பெட்டையையும் இணைத்தால், பெட்டைக் குஞ்சுகள் எல்லாம் கருப்பாகவும் சேவல்கள் எல்லாம் வரியோடும் வளரும். பார்ப்பவர் தனி இனம் என்றே சத்தியம் செய்வார். இதற்கு நேர்மாறு நீல அண்டலூசியன்: நீல ஜோடிக்குக் கருப்பு, நீலம், சாம்பல் தெளித்த வெள்ளை என மூன்று விதக் குஞ்சுகள் பிறக்கும். இனமோ தூய்மையானது.

மற்ற இரண்டும் தூயவையா என்று கேட்டால், தோற்றத்தில் குறை இல்லை என்பதுவரைதான் சொல்ல முடியும். கண்ணால் பார்த்துக் கலப்பைக் காட்டிக்கொடுக்கலாம். தூய்மையை நிரூபிக்க முடியாது. நம்பகமான வழியில் வந்த சேவலோடு சேர்த்து அடை வையுங்கள். இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு பண்புகள் அந்தக் குஞ்சுகளில் ஒளிந்துகொள்ளும். அவற்றைத் தங்களுக்குள் இணைத்துப் பிறக்கும் அடுத்த தலைமுறையில்தான் வெளிவரும். கைநிறையக் குஞ்சு பொரித்துப் பார்க்க வேண்டும், நான்கைந்து போதாது.

முட்டைக்காக மட்டும் வளர்க்கிறீர்கள் என்றால் இந்தப் பாடெல்லாம் எதற்கு? குஞ்சு பொரிக்க முட்டை எடுக்கும்போது மட்டும் பச்சை முட்டைக்காரியையும் இறகுக்காலியையும் தனியாகப் பிரித்து வையுங்கள்.