வெள்ளைக் காரில் செம்புள்ளிகள்: போலிஷ் இயந்திரத்தை வைக்கும் முன் செய்ய வேண்டியது

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். அப்பா கார் ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து அவருடைய வெள்ளை மைவி இரண்டு ஆண்டுகளாக வெளியே மரத்தடியில் நின்றுவிட்டது. கழுவிய பிறகும் தொட்டால் சொரசொரக்கிறது. கூரையிலும் பானெட்டிலும் ஊசிமுனை அளவில் செம்பழுப்புப் புள்ளிகள் நிறைந்திருக்கின்றன. தம்பிக்குத் தெரிந்தவர் ஒருவர் அழைத்துச் சென்ற கடையில், “துரு ஏறத் தொடங்கிவிட்டது, உடனே இயந்திரப் போலிஷும் அதன் மேல் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சும் செய்ய வேண்டும், 1,200 வெள்ளி (ரிங்கிட்) ஆகும்” என்கிறார்கள். கொடுக்கலாமா? வீட்டிலேயே ஏதும் செய்ய முடியுமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். நீங்கள் விவரிக்கும் புள்ளிகள் காரின் தகட்டில் பிடித்த துருவாக இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. தகடு துருப்பிடித்தால் அது அடியிலிருந்து சாயத்தைத் தூக்கிக்கொண்டு கொப்புளமாக வரும். கல்லடி பட்ட இடம், கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவு ஆகிய இடங்களில்தான் முதலில் தலைகாட்டும். கூரையிலும் பானெட்டிலும் தூவிவிட்டதுபோல் பரவிக் கிடப்பவை வெளியிலிருந்து வந்து விழுந்தவை. ரயில் சக்கரம் தண்டவாளத்தில் உராயும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் நுண்ணிய இரும்புத் துகள்கள் தெறிக்கின்றன. மின்சார ரயில் வந்ததால் புகை நின்றதே தவிர இந்த உராய்வு நிற்கவில்லை. சாலையில் ஓடும் கார்களின் பிரேக்குகளிலிருந்தும் இதே தூள் வருகிறது. காரின் மேல் படிந்த துகள் வெயிலிலும் மழையிலும் கடற்காற்றின் உப்பிலும் துருவேறி, கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற மேற்பூச்சில் பதிந்துகொள்கிறது. துருப்பிடித்திருப்பது அந்தத் துகள். உங்கள் கார் அல்ல.

இதைக் கடைக்காரர் அறியாதவர் என்று நான் நம்பவில்லை. “துரு” என்ற சொல்லைக் கேட்டதும் வாடிக்கையாளர் பயந்து போவார், பயந்தவர் பேரம் பேசமாட்டார், அவ்வளவுதான்.

இந்த நிலையில் மேற்பரப்பின் மீது இயந்திரத்தை வைத்தால் இரண்டு கேடுகள் நேரும். பதிந்திருக்கும் துகள்களில் சில பெயர்ந்து சுழலும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு, காரெங்கும் வட்ட வட்டமாகக் கீறும். பெயராதவற்றின் தலை மட்டும் சீவப்பட்டு, அடிப்பகுதி உள்ளேயே தங்கிவிடும். அன்றைக்குப் பளபளப்பாகத் தெரியும் கார், சில மழைக்குப் பிறகு அதே இடங்களில் மீண்டும் புள்ளி வைக்கும். அப்போது நீங்கள் அதே கடைக்குத்தான் திரும்பிப் போவீர்கள். கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலான கார்களில் சுமார் 35 முதல் 50 மைக்ரோன்தான், அதாவது தலைமுடி ஒன்றின் பருமனைவிடக் குறைவு. ஒவ்வொரு கடுமையான போலிஷும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துச் செல்கிறது. எடுத்ததை எந்தக் கோட்டிங்கும் திருப்பித் தராது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்த அடுக்கே. ஆகவே முதலில் பதிந்ததை நீக்க வேண்டும், பிறகு போலிஷ் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகும்.

நீக்கும் வேலையை உங்கள் தம்பியே ஒரு காலைப்பொழுதில் செய்துவிடலாம். காரை நிழலில் நிறுத்தி, கையை வைத்தால் சூடு தெரியாத நேரத்தில் தொடங்குங்கள். நம் ஊர் வெயிலில் பதினோரு மணிக்கு மேல் இதைத் தொடவே கூடாது. கார் ஷாம்பு கொண்டு நன்றாகக் கழுவி மண்ணையும் மரப்பிசினையும் போக்குங்கள். கதவுகளின் கீழ்ப்பகுதியில் கரும்புள்ளிகள் இருந்தால் அவை தார். தார் நீக்கியைத் துணியில் நனைத்து ஒற்றி எடுத்து, அந்த இடத்தை மறுபடி கழுவிவிடுங்கள். அதன்பின் அயர்ன் ரிமூவர் என்று கடைகளில் கிடைக்கும் திரவத்தைத் தெளியுங்கள். அதிலுள்ள தயோகிளைகோலேட் என்னும் உப்பு இரும்புத் துருவோடு சேர்ந்து, நீரில் கரையும் ஊதா நிறப் பொருளாக மாறும். வெள்ளைக் காரில் ஊதாக் கோடுகள் வழிவது பார்க்கச் சற்றுப் பதற்றம் தரும். திரவம் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். முடி சுருட்டும் மருந்தைப் போன்ற கெட்ட வாடை வரும் என்பதால் கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். புட்டியில் குறித்துள்ள நேரத்துக்கு மேல் விடாமல், காய்வதற்கு முன்பே நிறைய நீர் ஊற்றி அலசிவிட வேண்டும். காய்ந்தால் கறை படியும். இரண்டு முறை செய்தால் போதும். “இன்னும் ஊதா வருகிறது” என்று மூன்றாவது, நான்காவது சுற்றுக்குப் பணம் கேட்கும் கடைகள் உண்டு. எஞ்சியதை அடுத்த படி பார்த்துக்கொள்ளும்.

அந்த அடுத்த படிதான் கிளே பார். உருட்டிப் பிசையக்கூடிய, களிமண் போன்ற செயற்கைக் கட்டி அது. மென்மை, நடுத்தரம், கடுமை என்று மூன்று தரங்களில் விற்கிறார்கள். நிறத்தைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு நிறத்தைப் பயன்படுத்துகிறது. உங்களுக்கு மென்மையானதே போதும். ஒரு துண்டை உள்ளங்கையில் தட்டையாக்கி, ஷாம்பு கலந்த நீரை மேற்பரப்பில் தாராளமாகத் தெளித்து, இரண்டு முழத்துக்கு மிகாத சதுரத்தில், நேர்க்கோட்டில், அழுத்தாமல் முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தொடக்கத்தில் இழுபடும், சத்தம்கூடக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் வழுக்கத் தொடங்கினால் அந்தச் சதுரம் முடிந்தது. கட்டியின் முகம் அழுக்கானதும் மடித்துப் புதிய முகத்தை வெளியே கொண்டுவர வேண்டும். தரையில் விழுந்த கட்டியை, அரைக் கட்டி மிச்சம் இருந்தாலும், தயங்காமல் குப்பையில் போடுங்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், பானெட் முழுவதும் கோடு விழ. முடிந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, கழுவிய மேற்பரப்பை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பையும் பை காட்டிக்கொடுக்கும்.

கழிப்பறை கழுவும் அமிலம், மண்ணெண்ணெய், பற்பசை, பாத்திரம் துலக்கும் நார் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதை எல்லாம் கேட்காதீர்கள். பறவை எச்சம் அரித்த குழிகள் கிளே பாரால் போகமாட்டா; அவை படிந்தவை அல்ல, குடையப்பட்டவை.

ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்: அப்பாவின் கார் எப்போதாவது மோதி, ஏதாவது ஒரு பாகத்துக்கு மறுபடி சாயம் பூசப்பட்டதா? அவரிடமே கேளுங்கள்; மறந்திருந்தால் நீங்களே பாருங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பருக்கு அடியிலோ கதவின் உள்விளிம்பிலோ சாயம் கோடாக நிற்கிறதா, ஒரு கதவின் வெள்ளை மற்றக் கதவின் வெள்ளையைவிடச் சற்று மஞ்சளாகத் தெரிகிறதா என்று காலை வெளிச்சத்தில் கவனியுங்கள். தடிமன் அளக்கும் கருவி உள்ள பட்டறையானால், தொழிற்சாலைச் சாயம் எல்லா அடுக்குகளும் சேர்த்துப் பொதுவாக 90 முதல் 150 மைக்ரோன் வரை காட்டும். ஒரு பாகம் மட்டும் அதைவிட மிகுதியாகக் காட்டினால் அது பின்னால் பூசியது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரணக் கருவி அதில் எதையும் காட்டாது. பட்டறைச் சாயம் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல சூளையில் சுட்ட சாயம் தொழிற்சாலைச் சாயத்துக்கு ஈடுகொடுக்கும். ஆனால் கெட்டியாக்கி சேர்க்காமல் மலிவாக அடித்த சாயம் தார் நீக்கியில் இளகிவிடும். ஆகவே அப்படிப்பட்ட பாகத்தில், கண்ணில் படாத மூலையில், வெள்ளைத் துணியால் அன்றி அடர்நிறத் துணியால் ஒரு சொட்டு தார் நீக்கியைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வெள்ளை ஒட்டினால் அந்தப் பாகத்தில் தார் நீக்கியும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம், ஷாம்பு நீரோடு மென்மையான கிளே பார் மட்டும் போதும். அண்மையில் பூசியதாக இருந்தால், பட்டறைக்காரர் சொன்ன காலம் முடியும்வரை மெழுகும் பூசாதீர்கள்.

இனி, அழைத்துச் சென்ற அந்தத் “தெரிந்தவர்” பற்றி. இந்தத் தொழிலில் ஆள் கொண்டுவருபவருக்குத் தரகு உண்டு. அது உங்கள் 1,200 வெள்ளிக்குள்தான் இருக்கிறது. கடையில் பானெட்டின் ஒரு பாதியை மட்டும் பளபளக்க வைத்துக் காட்டினால், கீறல்களை எண்ணெயும் நிரப்புப் பசையும் மூடியிருக்கின்றனவா என்று பார்க்க, அந்த இடத்தைச் சோப்பு நீரால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். “9எச் கடினம்” என்பார்கள். அது பென்சிலால் கீறி அளக்கும் அளவுகோல், சாவிக்கும் கல்லுக்கும் அசையாது என்று அதற்குப் பொருளில்லை. ஐந்தாண்டு உத்தரவாத அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள்: ஆண்டுதோறும் அதே கடையில் பணம் கட்டிப் பராமரிக்காவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

முறையிடலாமே என்பீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம், உண்மைதான். ஆனால் ரசீதே தராத கடையின் மீது, எடுத்துச் செல்லப்பட்ட பத்து மைக்ரோனை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? போலிஷ் போடுவதற்கு முன்பும் பின்பும் தடிமனை அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எவரும் இவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. கார் விற்பவர்களே புதுக் காரோடு சேர்த்துக் கோட்டிங்கைத் தலையில் கட்டும் நாட்டில், சிறு கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

வேலை முடிந்து கார் காய்ந்ததும் வெயிலில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கிளே பார் மெல்லிய மங்கலை விடும். கறுப்புக் காரில் அது உறுத்தும், வெள்ளையில் அநேகமாகத் தெரியாது. உங்களுக்குப் போலிஷே தேவைப்படாமல் போகலாம். நல்ல மெழுகு ஒரு பூச்சுப் போதும். கூரை மட்டும் மங்கலாகத் தெரிந்தால், கூரைக்கு மட்டும் மென்மையான போலிஷ் என்று கேட்டு, முன்னும் பின்னும் அளந்து எழுதித் தரும் கடையில் கொடுங்கள். தண்டவாளத்துக்கு அருகிலேயே நிறுத்த வேண்டியிருப்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அயர்ன் ரிமூவரை மட்டும் தெளித்து அலசிவிட்டு, மெழுகைப் புதுப்பியுங்கள்.