ஜப்பான் பக்கம் உட்கார்ந்தால் முதல் சுற்றில் என்ன செய்வது?

கேள்வி: பசிபிக் போரை வைத்து ஆடும் பலகை விளையாட்டு ஒன்றை நண்பருடன் ஆடுகிறேன். எனக்கு எப்போதும் ஜப்பான்தான் வாய்க்கிறது. 1941 டிசம்பர் சுற்றில் பேர்ல் ஹார்பரை நொறுக்குகிறேன், பிலிப்பைன்ஸ், மலாயா எல்லாம் பிடிக்கிறேன். ஆனால் 1943 வருவதற்குள் எண்ணெயும் இல்லை, கப்பலும் இல்லை. பேர்ல் ஹார்பரை விட்டுவிட்டு ஆறு விமானம் தாங்கிக் கப்பல்களையும் நேராகத் தெற்கே அனுப்பினால் தேவலையா, சார்?

பதில்: வேண்டாம், பேர்ல் ஹார்பருக்கே போங்கள். தெற்கே அந்த ஆறு கப்பல்களுக்கு முதல் வாரத்தில் பெரிதாக வேலை இல்லை. பிலிப்பைன்ஸில் கிளார்க் விமானத் தளத்தை அடித்த ஜப்பானின் ஜீரோ சண்டை விமானங்கள் தைவானிலிருந்து 800 கிலோமீட்டர் போலக் கடல் தாண்டிப் போய்த் திரும்பின. காலையில் தைவானில் மூடுபனி, கிளம்பவே தாமதம், போய்ச் சேர்ந்தபோது மதியம். அப்படியும் அமெரிக்க விமானங்கள் தரையில் வரிசையாக நின்றிருந்தன. மலாயாப் பக்கம் பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்களையும் டிசம்பர் 10-இல் மூழ்கடித்தவை இந்தோசீனாவின் தரைத் தளங்களிலிருந்து வந்த விமானங்கள். தரை விமானங்களே முடிக்கிற காரியத்துக்கு எதற்கு விமானம் தாங்கிக் கப்பல்?

திடீர்த் தாக்குதலுக்கு விதிகள் தரும் சலுகை பெரும்பாலும் முதல் சுற்றோடு சரி. அதனால் ஆறையும் சேர்த்தே அனுப்புங்கள். நாலை அங்கே, இரண்டை இங்கே என்று பிரித்தால் இரண்டு இடத்திலும் பகடை உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அடித்துவிட்டு அடுத்த சுற்றே திரும்பிவிடுங்கள். எதிரியின் விமானம் தாங்கிக் கப்பல்கள் துறைமுகத்தில் இல்லையே, இன்னொரு சுற்று இருந்து தேடிப் பார்க்கலாமே என்று தோன்றும். அந்த ஆசைதான் ஆளைக் கவிழ்க்கும். நிஜப் போரில் அந்த ஆறு கப்பல்களும் பேர்ல் ஹார்பருக்குப் பிறகு ஒரே தாக்குதலில் மறுபடி சேரவே இல்லை: ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கு நாலு, இலங்கைக்கு ஐந்து, மிட்வேக்கு நாலு. மிட்வேக்குப் போனவை எதுவும் திரும்பவில்லை. நீங்களாவது சேர்த்து வைத்திருங்கள்.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன், உங்கள் உண்மையான சிக்கல் அங்கேதான். ஜப்பான் இறக்குமதி செய்த எண்ணெயில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தது, 1941 ஆகஸ்டில் அது நின்றது, பக்கத்தில் மிச்சமிருந்த பெரிய ஊற்று டச்சுக்காரர்கள் வைத்திருந்த கிழக்கிந்தியத் தீவுகள். ஆகவே திட்டம் போட உட்காரும்போது டோக்கியோவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சுமத்ராவில் பாலெம்பாங், போர்னியோவில் பாலிக்பாபன், தாரகான், இந்த மூன்று கட்டங்களில் விரலை வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணி வாருங்கள். பாலிக்பாபனில் இறங்கும் படைக்கு எங்கிருந்து விமானப் பாதுகாப்பு? தாரகானிலிருந்து. தாரகானுக்கு? தென் பிலிப்பைன்ஸின் ஜோலோ தீவு, அதற்கு முன்னால் மிண்டனாவோ தீவின் டாவாவோ. நிஜத்திலும் டிசம்பர் 20 டாவாவோ, 25 ஜோலோ, ஜனவரி 11 தாரகான், 24 பாலிக்பாபன் என்று, சண்டை விமானம் எட்டும் தூரத்துக்கு ஒரு படியாகத்தான் இறங்கினார்கள். இதில் ஒரு படி ஒரு சுற்று தள்ளிப்போனால் பின்னால் உள்ள எல்லாமே தள்ளிப்போகும்.

இது கிழக்குக் கை. மேற்குக் கை, தாய்லாந்தின் சிங்கோரா, மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கி மலாயா வழியாகக் கீழே வருவது. இங்கே பலர் செய்வது, சிங்கப்பூர் விழட்டும், அப்புறம் பாலெம்பாங் போகலாம் என்று காத்திருப்பது. பாலெம்பாங்கில் ஜப்பானியப் பாராசூட் வீரர்கள் குதித்தது 1942 பிப்ரவரி 14, சிங்கப்பூர் சரணடைந்தது 15. சிங்கப்பூருக்காக அவர்களே காத்திருக்கவில்லை. டச்சுக்காரர்கள் சுத்திகரிப்பு ஆலைகளைத் தகர்ப்பதற்குள் பிடிக்க வேண்டும், அதற்குத்தான் பாராசூட். உங்கள் விளையாட்டில் தகர்ப்புக்குத் தனிப் பகடை இருந்தால் இந்த ஒரு சுற்று அவசரம் எத்தனை பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கப்பல் விஷயம். படை போதவில்லை என்று நினைக்கிறோம், உண்மையில் போதாதது படையை ஏற்றிப்போகும் கப்பல். முதல் சுற்றிலேயே எல்லாப் போக்குவரத்துக் கப்பலையும் ஏதோ ஒரு கடற்கரைக்கு அனுப்பிவிட்டால் அடுத்த சுற்றில் டாவாவோவுக்கு எதை அனுப்புவீர்கள்? மூன்றில் ஒரு பங்காவது கையில் இருக்கட்டும். குவாம், வேக் போன்ற தீவுகளுக்குச் சின்னப் படை போதும், ஆனால் வேக்குக்கு விமானத் துணை இல்லாமல் போகாதீர்கள். டிசம்பர் 11-இல் அப்படிப் போன ஜப்பானியப் படை, கரைப் பீரங்கிக்கும் மிச்சமிருந்த நாலு போர் விமானத்துக்கும் இரண்டு நாசகாரிக் கப்பல்களைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியது. பேர்ல் ஹார்பரிலிருந்து திரும்பும் வழியில் அந்த ஆறில் சோர்யு, ஹிர்யு இரண்டையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் 23-ஆம் தேதி தீவு விழுந்தது. ஆறையும் பிரிக்காதே என்றேன்தான். திரும்பி வருகிற வழியில் ஒரு சுற்றுக்கு இது பரவாயில்லை.

கேள்வி: பிலிப்பைன்ஸில் பட்டான் தீபகற்பத்தில் என் படை சுற்றுக்குச் சுற்று தேய்கிறது. கூடுதல் படை அனுப்பவா?

பதில்: அனுப்பாதீர்கள். கிளார்க் தளமும் மணிலா நகரமும் கைக்கு வந்ததும் பட்டானைச் சுற்றி வளைத்து நிறுத்திவிட்டு, நல்ல டிவிஷனைக் கழற்றித் தெற்கே அனுப்புங்கள். ஜப்பானியத் தலைமையும் அதைத்தான் செய்தது, பிலிப்பைன்ஸில் படை நடத்திய தளபதி ஹோம்மாவிடமிருந்து 48-ஆம் டிவிஷனைப் பிடுங்கி ஜாவாவுக்கு அனுப்பியது. அவர் பாவம், 50 நாளில் முடிக்கச் சொன்ன வேலை மணிலா விரிகுடா வாயிலில் இருக்கும் கொரெஹிடோர் தீவுக் கோட்டை விழுந்த மே 6 வரை இழுத்தது, ஆனால் ஜாவா மார்ச்சிலேயே கிடைத்தது. உள்ளே அடைபட்டவர்களுக்கு வெளியிலிருந்து உணவு வரப்போவதில்லை, பசியே பாதி வேலையைச் செய்யும். ஒரே நஷ்டம், கொரெஹிடோர் நிற்கும்வரை மணிலா விரிகுடாவைத் துறைமுகமாகப் பயன்படுத்த முடியாது. வடக்கே லிங்காயென் விரிகுடா வழியாகச் சமாளியுங்கள்.

கேள்வி: ஜாவா முடிந்ததும் இலங்கையைப் பிடிக்கலாமா?

பதில்: 1942 ஏப்ரலில் கொழும்பு, திரிகோணமலை இரண்டையும் அடித்து ஹெர்மிஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலையும் மூழ்கடித்தார்கள், தரையிறங்கவில்லை. உங்கள் விதிப்புத்தகம் இலங்கைக்கு நல்ல வெற்றிப் புள்ளி தந்தால் மட்டும் யோசியுங்கள். இரண்டு டிவிஷன், அவற்றுக்கான கப்பல்கள், அப்புறம் அங்கே சப்ளை கொண்டுபோக இன்னும் கப்பல்கள், எல்லாம் பாலெம்பாங் எண்ணெயை ஊருக்குக் கொண்டுவர வேண்டிய நேரத்தில் இந்துமாக்கடலில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்க நீர்மூழ்கிகளின் டார்பிடோக்கள் தொடக்கத்தில் சரியாக வெடிக்காது, பல விளையாட்டுகளில் அதற்கென்று பகடைக் கழிவே உண்டு. எண்ணெய்க் கப்பல்கள் நிம்மதியாகப் போய்வரும் காலம் அதுதான், அந்தச் சுற்றுகளில் வடக்கே எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவையும் ஏற்றிவிடுங்கள்.