புது பைக்கில் தருமபுரியிலிருந்து சேலத்துக்குத் தினமும் போகலாமா?

வாங்கிய வாரமே போகலாம். ஆனால் நான்குவழிச் சாலையில் ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான சிலிண்டரின் உட்சுவரில் நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் அவற்றில் உரசி உரசித்தான் படிய வேண்டும். அதற்கு வேகம் ஏறி இறங்க வேண்டும். வழியில் வரும் தொப்பூர் கணவாயில் கியரிலேயே இறங்குங்கள். திரும்பி ஏறும்போது எஞ்சின் திணறினால் உடனே ஒரு கியர் குறையுங்கள். மெதுவாக ஓட்டினாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள். மேல் கியரில் மெதுவாக உருட்டி எஞ்சினைத் திணறடிப்பது, என்னைக் கேட்டால், வேகத்தைவிடக் கெடுதல். பல வண்டிகளுக்கு முதல் 1000 கிலோமீட்டர் வரை இந்தக் கவனம் வேண்டும். சரியான கணக்கு உங்கள் கையேட்டில் இருக்கும். முதல் ஆயில் மாற்றத்தை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். உரசலில் உதிர்ந்த உலோகத் துகள்கள் அந்த ஆயிலில்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன.