அத்தையிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்

கேள்வி: நான் தஞ்சாவூர்க்காரி, இப்போது லண்டன் க்ராய்டனில் இருக்கிறேன். கணவரின் குடும்பம் ஜமைக்காவிலிருந்து வந்தது. அவருடைய தாத்தா 94 வயதில் போன வாரம் தவறிவிட்டார். 1955ல் கப்பலில் வந்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இறுதிச் சடங்கில் எல்லோருக்கும் கொடுக்கும் சின்னப் புத்தகத்தில் அவர் வாழ்க்கையை இரண்டு பக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கடைசி ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டவள் நான்தானாம். சிக்கல் என்னவென்றால், கிளம்பும்போது மூத்த மகளை மூன்று வயதில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தார். ஒன்பது வருடம் கழித்துத்தான் வரவழைத்தார். அதை எழுதக் கூடாது என்கிறார் மாமனார். போதாக்குறைக்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, "எழவு வீட்டில் ரம்மும் டாமினோவுமா?" என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். என்ன செய்வது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: அம்மா விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தொண்ணூறு தாண்டிய பெரியவர் போனால் உங்கள் ஊரில் பறையும் வெடியும் இல்லாமலா தூக்குகிறார்கள்? பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பதில்லையா? கல்யாணச் சாவு என்றுதானே சொல்கிறோம். ஜமைக்காக்காரர்களுக்கு அது 'நைன் நைட்', ஒன்பதாம் இரவு. செத்தவரின் ஆவியை வழியனுப்பும் இரவு. அவருக்குப் பிடித்த சாப்பாட்டையும் ரம்மையும் ஒரு மேசையில் வைப்பார்கள். பழைய வழக்கப்படி நடத்தும் வீடுகளில் நள்ளிரவு வரை அதை யாரும் தொடமாட்டார்கள். படையல் என்று சொல்லிப் பாருங்கள், அம்மா தானாகவே எழுந்து போய்ப் பார்ப்பார். அப்புறம், கல்லறையில் ஆண்கள் கோட்டைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை வாங்கித் தாங்களே குழியை மூடுவார்கள். மூடி முடியும்வரை பாட்டு நிற்காது. நேரமாகும். அம்மாவுக்குத் தட்டையான செருப்பும் கனமான சால்வையும் எடுத்து வையுங்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். தயவுசெய்து 1948, ஜமைக்காவிலிருந்து ஆட்களை இங்கிலாந்துக்கு ஏற்றிவந்த விண்ட்ரஷ் கப்பல் என்று ஆரம்பிக்காதீர்கள். கரீபியனிலிருந்து வந்த யாரைப் பற்றி எழுதினாலும் அந்தக் கப்பலில் ஏற்றிவிடுவது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. உங்கள் தாத்தா ஏழு வருடம் கழித்து வேறு கப்பலில் வந்தவர். எந்தக் கப்பல் என்று தெரியாவிட்டால், லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1960 வரையிலான பயணிகள் பட்டியல்கள் இருக்கின்றன. இணையத்திலும் தேடலாம். பெயர், வயது, தொழில் எல்லாம் இருக்கும், இங்கே எந்த முகவரிக்குப் போகிறார் என்பதுகூட. ஐரோப்பாவில் இறங்கி ரயில் பிடித்து வந்திருந்தால் மட்டும் அதில் சிக்கமாட்டார். முன்பின் தெரியாத ஊரில், யாரோ எழுதிக்கொடுத்த ஒரு விலாசத்தை நம்பி இறங்கிய இருபத்தைந்து வயதுப் பையன்! அந்த விலாசம் கிடைத்தால் அதுதான் உங்கள் முதல் வரி.

வீட்டை 'பார்ட்னர்' பணத்தில் வாங்கினார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் நான் நின்றுவிட்டேன். நம்ம ஊர் சீட்டேதான். வாரா வாரம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வது. ஏலமும் கிடையாது, தள்ளும் கிடையாது. பணம் பிடிப்பவருக்கு 'பேங்கர்' என்று பெயர். கறுப்பர்களுக்கு வீட்டுக் கடன் கொடுக்க நிறுவனங்கள் முகம் சுளித்த காலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு முன்பணம் இப்படித்தான் சேர்ந்தது. தாத்தாவின் சீட்டுக்கு யார் பேங்கர், அவர் எத்தனையாவது ஆளாகப் பணம் எடுத்தார்? பழைய சிநேகிதர் யாராவது உயிரோடு இருந்தால் நைன் நைட்டுக்குக் கட்டாயம் வருவார். டாமினோ மேசையில் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

இனி மகள் கதை. பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து, டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்து ஒவ்வொருவராக வரவழைப்பது அந்தத் தலைமுறையில் ஊரறிந்த சங்கதி. 1962ல் வந்த சட்டம் காமன்வெல்த் நாட்டவருக்குக் கதவைப் பாதி சாத்தியது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடம் வந்து சேர வழி இருந்தது. உங்கள் கணக்குப்படி அந்த மூத்த மகள், அதாவது உங்கள் கணவரின் அத்தை, வந்தது 1964, பன்னிரண்டு வயதில். இன்னும் நாலு வருடம் தள்ளியிருந்தால் என்னவாகியிருக்கும்? தாத்தாவும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார் என்றே எனக்குப் படுகிறது.

மாமனாரின் கூச்சம் புரிகிறது. ஆனால் இதில் அவருக்குக் கடைசிச் சொல் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. அத்தை எழுபது தாண்டியவர். தன்னைப் பற்றி என்ன அச்சாகலாம் என்று சொல்ல அவருக்குத் தெரியும். "எழுதட்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஆனால் 1955ல் குடும்பத்தோடு வந்தார் என்று பொய் எழுதாதீர்கள். சரி என்றால் இரண்டு மூன்று வரி போதும். தியாகம், கனத்த இதயம் என்று மெழுக வேண்டாம். வருடத்தையும் வயதையும் போடுங்கள், படிப்பவர்களுக்குப் புரியும்.

மாமனார் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். வந்திறங்கிய அன்று அப்பாவை எப்படி அடையாளம் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். மூன்று வயதில் பார்த்த முகம் ஞாபகம் இருந்திருக்காது. பதில் வர நேரமானால் நீங்களாக எதையும் எடுத்துக்கொடுக்காதீர்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன விதத்திலேயே குறித்துக்கொண்டு, அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லையென்றால் போட்டோக்களில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.